காத்மண்டுக் கிடங்கிலிருந்து ஒரு மார்ட்டினி-ஹென்றி: வாங்கியதும் அடையாளம் கண்டதும்

பழைய ராணுவ ரைஃபிள் விற்பவர் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ரைஃபிள் என்றால் அது பெரும்பாலும், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் ஜூலுக்களும் மோதிய 1879-ஆம் ஆண்டு ஜூலுப் போரின் கதை. அந்தப் போரின் சண்டைக்களங்களான இசண்டல்வானாவில் இருந்தது, ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுட்டது என்பார்கள். கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் விலை பேசும்போது இரும்பில் பொறித்திருப்பதை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நான் சமீபத்தில் வாங்கிய ரைஃபிளும் 'ஜூலுப் போர் ரைஃபிள்' என்றுதான் விற்பனைக்கு வந்தது. அதன் உண்மையான வரலாறு தென்னாப்பிரிக்காவில் இல்லை, இமயமலையில் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சுத்தம் செய்தேன், எதைச் சுத்தம் செய்யாமல் விட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சட்டம். நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டது 'ஆன்டிக்'. கூட்டாட்சிச் சட்டத்தில் அது சாதாரணத் துப்பாக்கிகளின் வரிசையில் வராது, உரிமம் பெற்ற வணிகர் வழியாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அதனால் என் மாநிலத்தின் விதியைத் தனியாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் விற்பவருக்கு ஃபோன் செய்தேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால்கூட உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஆக, அமெரிக்காவில் வாங்குபவருக்கு ஆண்டு என்பது சேகரிப்பாளரின் ஆர்வத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. அந்த ஆண்டை இரும்பே காட்ட வேண்டும்.

மார்ட்டினி-ஹென்றியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பாஸ்டனைச் சேர்ந்த ஹென்றி பீபாடி 1862-ல் காப்புரிமை வாங்கிய, கீழே சாயும் பிளாக் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புக் கட்டை) கொண்ட அமைப்பு ஒன்று இருந்தது. அதில் சுத்தி வெளியே இருக்கும். சுவிட்சர்லாந்தில் தொழில் செய்த ஃபிரீட்ரிக் ஃபான் மார்ட்டினி அந்த வெளிச்சுத்தியை நீக்கி, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கரையும் அதைத் தள்ளும் சுருள் வில்லையும் பிளாக்குக்குள்ளேயே வைத்தார். எடின்பரோ துப்பாக்கித் தொழிலாளர் அலெக்சாண்டர் ஹென்றியின் ஏழு பட்டைக் குழல் அதோடு சேர்ந்தது. பெயரில் இருவரும் வந்துவிட்டார்கள், பீபாடி வரவில்லை. 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் பிளாக்கின் முன்பக்கம் சாய்ந்து வழி திறக்கும், காலித் தோட்டா பின்னால் வந்து விழும். புதுத் தோட்டாவைப் போட்டு லீவரை மேலே இழுத்தால் சுடத் தயார். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. அந்தத் தோட்டா .577/450, அதாவது இதற்கு முந்தைய பிரிட்டிஷ் ரைஃபிளான ஸ்னைடரின் .577 அங்குலத் தோட்டாவின் உடலைக் கழுத்தில் .450-க்கு ஒடுக்கியது. 480 கிரெய்ன் (சிறிய எடையளவு) ஈயக் குண்டு, 85 கிரெய்ன் கருமருந்து.

இந்த அமைப்பை உலகமே நகல் எடுத்தது. பிரிட்டிஷ் ஆலைகள் மட்டுமல்ல, அமெரிக்காவின் ராட் ஐலண்டில் இருந்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனி துருக்கிக்காக லட்சக்கணக்கில் பீபாடி-மார்ட்டினி செய்து கொடுத்தது. நேபாளம் தன் ஆலைகளில் செய்துகொண்டது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வாங்குபவருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விற்பவர் வயதான ஒரு அம்மையார். கணவர் சேர்த்துவைத்த பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரைஃபிளைக் கராஜில் ஒரு மேசைமேல் போர்வை விரித்து வைத்திருந்தார். மேலெல்லாம் காய்ந்த பழைய கிரீஸ், அதில் ஒட்டிய மண், குழலில் திட்டுத்திட்டாகத் துரு. "நீங்கள் வருவதற்கு முன் துடைத்து வைக்கலாம் என்று நினைத்தேன்" என்றார். துடைக்காமல் விட்டதற்கு மனதாரத் தாங்க்ஸ் சொன்னேன்.

கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது உள்ளே எதுவும் இருக்கிறதா என்பதைத்தான். எத்தனை வருடம் சுவரில் தொங்கியது என்று சொன்னாலும் சரி. லீவர் பாதிதான் இறங்கியது, கிரீஸ் இறுகியிருந்தது. அதனால் குழலின் வாய்ப்பக்கமிருந்து ஒரு மரக்கோலை உள்ளே விட்டு, அது எதுவரை போகிறது என்று அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தேன். கோல் பிளாக்கின் முகம் வரை தடையில்லாமல் போயிருந்தது. காலி. அதன் பிறகுதான் மற்றவை.

அடுத்தது வாய். வெர்னியர் காலிப்பரால் அளந்தேன், பதினொன்றரை மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. .45 அங்குலம் என்றால் 11.43 மில்லிமீட்டர். இதை அளக்கக் காரணம் உண்டு. மார்ட்டினிகளில் பலவற்றைப் பிற்காலத்தில் .303 தோட்டாவுக்கு மாற்றினார்கள். அவற்றின் வாய் 7.7 மில்லிமீட்டர், பெயரும் மார்ட்டினி-என்ஃபீல்ட் என்று மாறிவிடும். டார்ச்சை வாயில் சாய்த்துப் பிடித்தால் ஹென்றியின் வெட்டு தெரிந்தது. வழக்கமான வட்டக் குழலில் வரிப்பள்ளம் போட்டதுபோல் இருக்காது இது. ஏழு தட்டைப் பக்கங்கள், பக்கமும் பக்கமும் சேரும் மூலையில் மெல்லிய மேடு. 22 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. உள்ளே குழிகள் இருந்தன, ஆனால் அந்த ஏழு பக்கங்கள் மழுங்கிப்போகவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே ரைஃபிள் பிடித்துப்போய்விட்டது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ரிசீவரின், அதாவது குழலின் பின்னால் பிளாக்கைத் தாங்கும் இரும்பு உடலின், வலது பக்கம். மார்ட்டினியை அடையாளம் காணும் இடம் இதுதான். பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்ததென்றால் மேலே கிரீடம், அதன் கீழே விக்டோரியா மகாராணியின் வி.ஆர். எழுத்துகள், அதன் கீழே ஆலையின் பெயர், ஆண்டு, பிறகு ரோமன் எண்ணில் மார்க் (எத்தனையாவது மாதிரி என்பது), கடைசியில் தரவகுப்பைச் சொல்லும் எண். ஆலை அரசின் என்ஃபீல்டாக இருக்கலாம். பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்), எல்.எஸ்.ஏ. (லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ்), நேஷனல் ஆர்ம்ஸ் அண்ட் அம்யூனிஷன் ஆகியவையும் செய்தன.

பல் விளக்கும் பிரஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்க்க அனுமதி கேட்டேன். கிரீடம் வந்தது. வி.ஆர். வந்தது. என்ஃபீல்ட். 1875. அதன் கீழே இரண்டு கோடுகள், அதாவது மார்க் இரண்டு.

இங்கே ஒரு நிமிடம் நின்றேன். மார்க் இரண்டு வந்தது 1877-ல். ரைஃபிளில் இருப்பதோ 1875. முரண்பாடு என்று கீழே வைத்துவிட்டுப் போகக்கூடாது, கோடுகளை உற்றுப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முதல் கோடு மற்ற எழுத்துகளைப் போலவே ஆழமாக, நேராக இருந்தது. இரண்டாவது கோடு கொஞ்சம் மெலிந்து, ஒரு நூல் சாய்ந்து இருந்தது. வேறு அச்சு, வேறு நாள், வேறு கை. 1875-ல் மார்க் ஒன்றாகப் பிறந்த ரைஃபிளைப் பிற்பாடு மார்க் இரண்டாக மேம்படுத்தி, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டிருக்கிறார்கள். மார்க் ஒன்றுகள் பலவற்றுக்கு இப்படி நடந்தது. முரண்பாடாகத் தெரிந்ததே அசல் என்பதற்குச் சாட்சியாக மாறியது. போலி செய்பவன் இரண்டு கோட்டையும் ஒரே அச்சில் அடித்துவிட்டுப் போயிருப்பான்.

போலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் கடைவீதிகளில் வாங்கி வந்த மார்ட்டினிகள் இங்கே நிறையப் புழங்குகின்றன. அவற்றில் கணிசமானவை பட்டறை நகல்கள். எழுத்துகளை ஒன்றொன்றாகப் படித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். ஆலைப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். கிரீடம் கோணலாக இருக்கும். வி.ஆர். என்று போட்டுவிட்டுக் கீழே 1905 என்று ஆண்டு போட்டிருப்பார்கள். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். அதற்குப் பிந்தைய ஆண்டின் மேல் அவர் முத்திரை வருவதற்கு வழியே இல்லை. இன்னொன்று, சோதனை முத்திரைகள். ராணுவத்தில் குழல், ரிசீவர், மரம் என்று ஒவ்வொன்றும் ஆய்வாளர் கையால் கடந்துபோகும்போது சின்னச் சின்னக் கிரீடமும் அம்புக்குறியும் விழுந்துகொண்டே வரும். நகலில் கண்ணுக்குப் படும் பெரிய முத்திரை மட்டும் இருக்கும், மூலைமுடுக்கில் ஒன்றும் இருக்காது. போலியை எடுத்த எடுப்பில் மட்டம் தட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அரமும் துளைக்கருவியும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முழு ரைஃபிள் செய்வது சாதாரண வேலை இல்லை. ஆனால் என்ஃபீல்ட் விலை கொடுத்து அதை வாங்கக்கூடாது. அதை வைத்துச் சுடவும் கூடாது.

லீவர் குட்டையாக இருந்தது. மார்க் ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் குட்டை லீவர், மார்க் நான்குக்கு நீளமானது. நீளமாக்கியதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. முதலில் வந்த தோட்டாக்களின் உடல் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. வெயிலும் மணலும் சூடான குழலும் சேர்ந்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வரும். 1885-ல் சூடானில் அபு கிளே சண்டையின்போது ரைஃபிள்கள் சிக்கிக்கொண்டது பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது. நீண்ட லீவர் என்றால் இழுக்க நெம்புவலு கூடுதல். ஆக, லீவரைப் பார்த்த மாத்திரத்தில் இது மார்க் நான்கு இல்லை என்று தெரிந்துவிடும். வலது பக்கத்தில் கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு சின்னக் குறிகாட்டி இருக்கும், ஸ்ட்ரைக்கர் ஏறியிருக்கிறதா இல்லையா என்று விரலால் தடவியே தெரிந்துகொள்ள. மார்க் நான்கில் அது மெலிந்திருக்கும். இதில் அது தடிமன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போயின.

குழலுக்கு அடியில் வரும் மரமான முன்கட்டை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்த்தேன். மார்க் ஒன்றிலும் இரண்டிலும் குறுக்கே ஒரு ஆணி போகும். மூன்றில் ரிசீவரோடு கொக்கி போட்டு நிற்கும். இதில் ஆணி இருந்தது.

ஜூலுப் போர் கதைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் படைப்பிரிவின் அடையாளம் இருந்தால் அது பட் பிளேட்டின் (தோளில் பதியும் முனைத் தகட்டின்) மேல்நாக்கில் இருக்க வேண்டும். அங்கே எந்தப் படைப்பிரிவும் இல்லை. ஆனால் ரிசீவரின் இடது பக்கத்தில், கிரீஸுக்கு அடியில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. தலைக்கோடு போட்ட எழுத்துகள். தேவநாகரி.

அந்த அம்மையாரிடம் நேராகவே சொன்னேன்: "இது ஜூலுப் போர் ரைஃபிள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இதில் இல்லை. ஆனால் நேபாள ராணுவத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது." அவர் கணவர் அதை ஒரு தபால்வழிக் கடையில் வாங்கியதாக நினைவுபடுத்திச் சொன்னார். பெட்டிக்குள் ஏதோ காகிதம் இருந்தது, இப்போது எங்கே என்று தெரியவில்லை என்றார். விலை இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது. என் கண்ணில் அதன் மதிப்பு குறையவில்லை, கூடியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சியில் நேபாளம் பிரிட்டிஷாரோடு நெருக்கமாக இருந்தது. 1857-ல் ஜங் பகதூர் ராணா தன் படையோடு அவர்களுக்கு உதவப் போனார். பிரிட்டிஷ் ரைஃபிள்கள் அங்கே போயின. பிறகு காலம் மாற, பழைய ஆயுதங்கள் காத்மண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் அடுக்கிவைக்கப்பட்டு அப்படியே மறந்துபோயின. 2003-ல் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து அந்தக் கிடங்கை மொத்தமாக வாங்கின. 50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். பிரவுன் பெஸ் மஸ்கட் காலத்திலிருந்து பிரன்ஸ்விக், ஸ்னைடர், மார்ட்டினி ரைஃபிள்கள் என்று ஒரு நூற்றாண்டு வரலாறு கிரீஸும் தூசியுமாகக் கப்பலேறி வந்தது. இன்று அமெரிக்காவில் சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் மார்ட்டினி-ஹென்றி வாங்க முடிகிறது என்றால் அதற்கு அந்தக் கிடங்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கிடங்கிலிருந்து வந்ததெல்லாம் என்ஃபீல்ட் இல்லை. நேபாளமே செய்த கஹேந்திரா ரைஃபிளும் அதில் ஏராளம். ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் ராணாவின் பெயரில் வந்தது. பீரா என்ற இரட்டைக்குழல் இயந்திரத் துப்பாக்கியும் அவர் முயற்சிதான். கஹேந்திராவும் வெளித்தோற்றத்தில் மார்ட்டினிதான். ஆனால் திறந்து பார்த்தால் சுருள் வில்லுக்குப் பதில் தட்டை வில் இருக்கும், கிரீடமோ வி.ஆரோ இருக்காது. கையால் செய்ததால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. இரும்பின் தரமும் ஒன்றுபோல் இருக்காது, அதனால் சுடுவதற்கு வேண்டாம் என்பதுதான் சேகரிப்பாளர்களிடம் பரவலாக உள்ள கருத்து. எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பொருளாக வைத்துப் பார்க்க அதைவிடச் சுவையான ரைஃபிள் கிடைப்பது கஷ்டம்.

கஹேந்திரா வாங்குபவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். அதில் ஆண்டு போட்டிருந்தால் அது விக்ரம சகாப்தத்தில் இருக்கும். 1942 என்று தேவநாகரியில் பொறித்திருப்பதை யாரோ ஒருவர் படித்துச் சொல்ல, இரண்டாம் உலகப்போர் என்று வாங்குபவர் நினைத்துவிடுகிறார். 57-ஐக் கழித்தால் 1885. ஆண்டின் கடைசி மூன்றரை மாதம் என்றால் 56-ஐக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் புத்தாண்டும் நம்முடையதுபோல் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் சட்டப்படி ஆன்டிக்காக உள்ள பொருளை ஆன்டிக் இல்லை என்று நினைத்துவிடுவோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுத்தம் செய்யவில்லை. முதலில் படம். ஒவ்வொரு முத்திரையையும் அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கிட்டத்தட்ட இரும்போடு படுக்கவைத்துப் பிடித்து எடுத்தேன். நேராக வெளிச்சம் விழுந்தால் ஆழம் தெரியாது. பக்கவாட்டில் விழும்போது பள்ளத்தில் நிழல் கட்டும், எழுத்து எழுந்து நிற்கும். அதற்கும் தெரியாத இடங்களில் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். மரத்தின் வலது பக்கத்தில் தேய்ந்துபோன வட்ட முத்திரை ஒன்று அப்படித்தான் கிடைத்தது. பாதி வட்டமும் ஒரு கிரீடத்தின் அடியும்.

பிறகு பாகம் பிரித்தல். பட் பிளேட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் கட்டையின் உள்ளே நீண்ட துளை, அதன் அடியில் கட்டையை ரிசீவரோடு பிடிக்கும் நீள போல்ட். இதற்கு நீளமான, தலை அகலமான திருப்புளி வேண்டும். பொருந்தாத திருப்புளியால் பழைய திருகைத் தொடவே கூடாது. காடி கிழிந்துவிட்டால் அது திரும்பி வராது. நான் திருப்புளியின் முனையை அரத்தில் ராவி ஒவ்வொரு காடிக்கும் பொருந்தவைத்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு திருகுகூடச் சேதமாகவில்லை.

பிளாக்கின் அச்சாணிதான் சோதித்தது. ரிசீவரின் பின்பக்கம் மேலே இருக்கும் அந்த ஆணியின் தலை பிளவுபட்டது, தானே விரிந்து தன்னைப் பிடித்துக்கொள்ளும். அதோடு பழைய கிரீஸ் கோந்தாகக் காய்ந்திருந்தது. ஊடுருவும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க வைத்தேன், அசையவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. அடுத்து ஹேர் டிரையரால் ரிசீவரைச் சூடாக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஆணியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு கசிந்தது, கிரீஸ் இளகுகிறது என்று அர்த்தம். பித்தளைக் கோலை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டினேன். இரும்புக் கோல் கூடாது, ஆணியின் முனை மலர்ந்துவிடும். தட்டும் சத்தம் மாறியது, மந்தமாக இருந்தது கொஞ்சம் தெளிந்தது. அதற்குப் பிறகு ஒரு மயிரிழை நகர்ந்தது, அப்புறம் விரலாலேயே இழுக்க வந்தது. பிளாக்குக்குள் ஸ்ட்ரைக்கர் வில்லின் அழுத்தத்தில் இருக்கும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

உள்ளே இருந்த சுருள் வில் முழுசாக இருந்தது. இது கஹேந்திரா இல்லை என்பதற்கு இன்னொரு உறுதி.

பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், கராஜ் கதவைத் திறந்துவைத்து. பெரிய பாகங்களுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு இரவு விட்டால் போதும், மறுநாள் கிரீஸ் தோலாக உரிந்து வரும். அதற்கு மேல் பிளாஸ்டிக் சுரண்டியும் பிரஷ்ஷும். துருவுக்கு நான் பயன்படுத்துவது இங்கத்திய பழைய ஒரு சென்ட் காசு. 1982-க்கு முந்தைய காசுகளில் 95 சதவீதம் செம்பு. செம்பு இரும்பைவிட மென்மை, அதனால் காசின் விளிம்பால் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் மேலே உட்கார்ந்த துரு பெயரும், கீழே உள்ள இரும்பில் கீறல் விழாது. மிச்சத்துக்கு மிக மெல்லிய, நான்கு பூஜ்ய ஸ்டீல் வுல், அதுவும் எண்ணெயோடு மட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. விரலால் தொட்டால் பொடியாக ஒட்டும் சிவப்பு, அது துரு, இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது, அது போக வேண்டும். ஆழ்ந்த பழுப்பு, கையில் ஒட்டாமல் வழவழவென்று இருப்பது, அது வயது. அது இருக்க வேண்டும். இந்த நேபாள மார்ட்டினிகளை வாங்கி, உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி மின்ன வைத்து, இரும்புக்குப் புதிதாக நீலநிறப் பூச்சு ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டால் முதலில் போவது எது தெரியுமா? மேலோட்டமாக, கையால் அடித்த எழுத்துகள். என்ஃபீல்டின் கிரீடம் ஆழமானது, தாங்கிவிடும். காத்மண்டுவில் ஏதோ ஒரு தொழிலாளி உளியும் சுத்தியும் வைத்து அடித்த எண் தாங்காது. ரைஃபிள் இங்கிலாந்தில் பிறந்தது என்பது மட்டும் மிஞ்சும், அது வாழ்ந்த இடத்தின் தடம் அழிந்துபோகும். இதை ஏந்திய நேபாள வீரர்கள் யார் என்பதற்கு நம்மிடம் வேறு எதுவும் இல்லை. பிரிட்டிஷ் அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நேபாள அடையாளத்தைத் தேய்த்து எடுப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

ஆகவே இடது பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணியும் மரக்குச்சியும் தவிர எதையும் வைக்கவில்லை. எழுத்துகள் வெளியே வந்ததும் சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தேன், பள்ளத்தில் வெள்ளை தங்கியது. படத்தை வேலையிடத்தில் உள்ள நேபாள நண்பருக்கு அனுப்பினேன். எண்களை நானே படிக்கப் பார்த்திருந்தேன். தேவநாகரி எண்கள் பழகாத கண்ணை ஏமாற்றும். அதன் ஒன்று நமக்கு ஒன்பதுபோல் தெரியும், நான்கு எட்டுபோல் தெரியும், ஏழு திரும்பிய ஆறுபோல் இருக்கும். போதாததற்குப் பழைய நேபாள எழுத்தில் ஒன்று, ஐந்து, எட்டு போன்றவற்றின் வடிவம் இன்றைய இந்தி வடிவத்திலிருந்து மாறுபடும்.

நண்பர் ஃபோனில் கூப்பிட்டார். "முதலில் இருப்பது ஸ்ரீ. அடுத்தது பிரிவின் பெயரைச் சுருக்கியது மாதிரி இருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது. கடைசியில் எண்." பிறகு சற்று நேரம் பேசவில்லை. "என் தாத்தாவின் அப்பா சிப்பாய். எந்தப் பிரிவு என்று வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். நேபாளத்தில் மன்னர் ஸ்ரீ ஐந்து, ராணா மகாராஜா ஸ்ரீ மூன்று என்று பட்டம் இருந்ததை அவர் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். தேய்ந்த பகுதியை ஊகித்து எழுதவில்லை. பதிவேட்டில் தெரிகிற எழுத்துகள் மட்டும், தெரியாத இடத்தில் வெற்றுக் கோடு.

மரத்துக்கு நேரம் அதிகம் பிடித்தது. வால்நட் மரம், கிரீஸ் குடித்துக் கருத்துப்போயிருந்தது. மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து எடுத்ததில் கைப்பிடிக் கழுத்தில் ஒரு பழைய பழுது தெரியவந்தது. விரிசலுக்குக் குறுக்கே வேறொரு மரத்துண்டைச் செதுக்கி, நேர்த்தியாகப் பதித்து ஒட்டியிருந்தார்கள். கையால் தடவினால் விளிம்பே தெரியவில்லை. அந்த ஊர்த் தச்சரின் வேலையாக இருக்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டேன். வட்ட முத்திரைப் பக்கம் போகவில்லை. காய்ந்ததும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன், மெல்லிய பூச்சு, நன்றாக உலர்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டேன்.

குழலைச் சுத்தம் செய்த பிறகு, தோட்டா உட்காரும் அறையின் வார்ப்பு எடுத்தேன். செரோசேஃப் என்று ஒரு உலோகக் கலவை, கொதிநீரின் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். வழியை அடைத்து, உருக்கி ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்தால் தோட்டா அறையின் வடிவம் கையில் இருக்கும். இறுகும்போது முதலில் சற்றுச் சுருங்கும், பிறகு விரியும், ஆகவே ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வெளியே வந்தது கழுத்து ஒடுங்கிய பாட்டில் வடிவம். ஸ்னைடர் அறை என்றால் ஒடுக்கம் இருக்காது. .577/450 என்பது உறுதியானது.

சுடுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. குழலின் முன்பாதியில் குழிகள் ஆழம். இந்த வகை ரைஃபிளில் அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் பிளாக்கின் இடைவெளியையும் ஆணியின் தேய்மானத்தையும் பார்த்துச் சரி என்றால் பிறகு யோசிக்கலாம். அப்படிச் சுட்டாலும் கருமருந்து மட்டும்தான். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்து இதற்குச் செய்ததில்லை, அதைப் போட்டால் ரைஃபிளும் போகும் ஆளும் போவார். தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு கிடைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை, 24 கேஜ் ஷாட்கன் பித்தளைக் கூட்டிலிருந்து உருவாக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி மிச்சமிருப்பது குழலுக்கு அடியில் செருகும் சுத்தக்கோல். அது இல்லாமல்தான் வந்தது, கிடங்கிலிருந்து வந்தவற்றில் இது சகஜம். புதிதாகச் செய்த கோல் விற்பனைக்குக் கிடைக்கிறது. வாங்கினால் அதன் முனையில் இந்த ஆண்டைப் பொறித்துத்தான் செருகுவேன், எனக்குப் பிறகு இதை வாங்குபவர் அதை 1875-ஆம் ஆண்டுப் பொருள் என்று நினைத்துவிடக்கூடாது. முன்கட்டையின் அடியில் புழுத்துளைகள் சில இருக்கின்றன. பழையவைதான், புதுத்தூள் எதுவும் கொட்டவில்லை. ஆனாலும் அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்துவைத்திருக்கிறேன், தூள் விழுந்தால் உடனே தெரியும்.